வரையாட்டு மலைக்கு நெரிசலின்றிச் செல்லும் வழி

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களுக்கு அருகில் அமைந்தது கொல்லயில். தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கும் பகுதி இது. ஓணம், பூசை விடுமுறை, கிறித்துமசு, பொங்கல் ஆகிய நாள்கள் வந்தால் இங்குள்ள குடும்பங்கள் பலவும் மலைநாட்டுப் பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும். அப்பேச்சில் மூணாறும், அதனை அடுத்துள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவும் தவறாமல் இடம்பெறும். கொல்லயிலிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து செல்வோர், மலையைக் காண வேண்டிய நேரத்தைச் சாலையிலேயே கழித்துத் திரும்புவதும் உண்டு. அந்நெரிசல் ஏன் உண்டாகிறது, அதனைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பூங்காவின் சிறப்பு

இரவிகுளம் பூங்கா இடுக்கி மாவட்டத்தில் 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. தேயிலைத் தோட்ட நிறுவனத்திடமிருந்து அரசு மீட்ட நிலங்களில் ஒரு பகுதி, 1975ஆம் ஆண்டில் சரணாலயம் ஆயிற்று. 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி (2695 மீட்டர்) இதன் எல்லைக்குள் உள்ளது. மலையின் மேற்பரப்பில் பரந்த புல்வெளிகளும், பள்ளங்களில் சோலைக்காடுகளும் காணப்படுகின்றன.

இப்புல்வெளிகளே வரையாட்டின் வாழிடம். 'வரை' என்பது மலையைக் குறிக்கும். சங்க இலக்கியத்தில் இவ்விலங்கு 'வருடை' என்று அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளைத் தவிர, உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. வரையாடுகள் மிகுதியாக வாழும் இடங்களுள் இரவிகுளம் முதன்மையானது.

நெரிசல் உண்டாவது எவ்வாறு?

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடம் ஆதலால் மூணாறு எனப் பெயர் வந்தது. ஆறுகளைப் போலவே சாலைகளும் அங்கே கூடுகின்றன. கொச்சியிலிருந்து அடிமாலி வழியாக ஒரு சாலையும், தேனியிலிருந்து போடிமெட்டு வழியாக ஒரு சாலையும், உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் வழியாக ஒரு சாலையும் அச்சிறிய ஊரை அடைகின்றன. ஊரோ குறுகிய பள்ளத்தாக்கில் உள்ளது. சாலையை அகலப்படுத்த ஒருபுறம் மலை தடுக்கும்; மறுபுறம் பள்ளம் தடுக்கும். வளைவில் ஒரு பேருந்தும் எதிரே ஒரு மகிழுந்தும் சந்தித்து நின்றுவிட்டால், இரு புறமும் வாகனங்கள் வரிசையாய்த் தேங்கிவிடும்.

விடுமுறை நாள்களில் இரு மாநிலத்தாரும் ஒரே நேரத்தில் வருவதால் இந்நிலை மேலும் கடுமையாகிறது. காலை உணவை முடித்து மெல்லப் புறப்படுவோர் அனைவரும் நண்பகலை ஒட்டியே பூங்காவின் வாயிலை அடைகின்றனர். ஆகவே, இடம் சிறிது என்பது மட்டும் நெரிசலுக்குக் காரணமன்று. எல்லோரும் ஒரே நாளில், ஒரே வேளையில், தனித்தனி வாகனங்களில் வருவதும் காரணமாகும். இடத்தைப் பெரிதாக்க இயலாது. நாளையும் வேளையையும் வாகனத்தையும் மாற்றிக்கொள்ள இயலும்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் அறிய வேண்டியது பூங்கா திறந்திருக்கும் காலம். வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி தொடங்கி மார்ச்சு இறுதி வரை, பூங்காவில் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. ஒரு வரையாடு பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியையே ஈனும். தாயும் குட்டியும் அஞ்சிப் பிரிந்தால் அக்குட்டி பிழைப்பது அரிது. ஆதலால் இத்தடை மிகவும் இன்றியமையாதது. மூடும் நாளும் திறக்கும் நாளும் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும். அவ்வறிவிப்பைப் பார்த்த பின்னரே பயணத்தை முடிவு செய்தல் வேண்டும்.

திறந்திருக்கும் மாதங்களில் வார இறுதியையும் தொடர் விடுமுறையையும் விலக்கி, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நன்று. பள்ளி விடுமுறையில்தான் செல்ல முடியும் என்றால், விடுமுறையின் நடுவில் வரும் வார நாளைத் தேர்ந்தெடுக்கலாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூட்டம் குறையும் என்பது உண்மையே. ஆயினும் மலைச்சாலைகளில் மண்சரிவு நேரக்கூடும். கூட்டத்துக்கு அஞ்சி ஆபத்தைத் தேடிச் செல்லுதல் அறிவுடைமை ஆகாது.

வேளையும் வாகனமும்

முதல் நாள் இரவே மூணாற்றிலோ மறையூரிலோ தங்கி, மறுநாள் காலை வாயில் திறக்கும் முன்னரே சென்று சேர்வது சிறந்த வழி. காலையில் வரிசை குறைவு. மூடுபனி இறங்கும் முன் மலைமுகடுகளைத் தெளிவாகக் காணும் வாய்ப்பும் மிகுதி. நுழைவுச்சீட்டை இணையவழியில் முன்பதிவு செய்துகொண்டால் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சமாகும்.

பார்வையாளர் செல்லக்கூடிய பகுதி இராசமலை மட்டுமே. பூங்காவின் உட்பகுதி காட்டுயிர்களுக்கு உரியது. இராசமலைக்குத் தனியார் வாகனங்கள் செல்ல இயலாது. மூணாறு–உடுமலைச் சாலையில் உள்ள ஐந்தாம் மைல் என்னும் இடத்திலிருந்து வனத்துறையின் பேருந்துகளே பார்வையாளரை ஏற்றிச் செல்கின்றன. எனவே கொல்லயிலிலிருந்து சொந்த வாகனத்தில் சென்றாலும், இறுதியில் பேருந்தில்தான் ஏறவேண்டும். தனுவச்சபுரத்திலோ பாறசாலையிலோ தொடர்வண்டி ஏறித் திருவனந்தபுரம் வழியாக ஆலுவா சென்று, அங்கிருந்து பேருந்தில் மூணாற்றை அடையலாம். ஒரு பேருந்தில் ஐம்பது பேர் செல்வர்; அதே ஐம்பது பேர் மகிழுந்துகளில் சென்றால் பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் சாலையை அடைக்கும்.

பிற இடங்களின் பட்டறிவு

இவ்வாறான ஏற்பாடு வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சயான் தேசியப் பூங்கா 2000ஆம் ஆண்டில் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. கூட்டம் மிகுந்த காலத்தில் அங்குள்ள பள்ளத்தாக்குச் சாலையில் தனி வாகனங்களுக்கு அனுமதி இல்லை. தமிழ்நாட்டில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு, சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் மின்னணு அனுமதிச்சீட்டு கட்டாயமாயிற்று. 2025ஆம் ஆண்டுக் கோடையில் உதகைக்கு வார நாள்களில் 6000, வார இறுதியில் 8000 எனச் சுற்றுலா வாகனங்களுக்கு வரம்பும் வகுக்கப்பட்டது. மலைக்குத் தாங்கும் அளவு ஒன்று உண்டு என்பதே இவ்விதிகளின் உட்பொருள்.

குறிஞ்சி தரும் பாடம்

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவுகளில் கூட்டமாகப் பூக்கும். இரவிகுளத்தில் 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் அது பூத்தது. 2018 ஆகத்தில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது மண்சரிவுகளால் மூணாற்றுச் சாலைகள் துண்டிக்கப்பட்டன. பூவைக் காண எண்ணியிருந்தோர் பலர் செல்ல இயலவில்லை. அடுத்த பூப்பு 2030ஆம் ஆண்டில் எதிர்பார்க்கப்படுகிறது. அப்போது பெருங்கூட்டம் வரும் என்பதில் ஐயமில்லை. பூத்து, விதை உதிர்த்த பின் அச்செடி மடிந்துவிடும். அவ்விதைகளே அடுத்த தலைமுறைச் செடிகளாக முளைக்கும். பாதையை விட்டு விலகிச் செடிகளை மிதிப்போரும் பூவைப் பறிப்போரும் 2042ஆம் ஆண்டின் பூக்களையும் சேர்த்தே அழிக்கின்றனர்.

அருகிலும் காடு உண்டு

விடுமுறை குறைவாக இருந்தால் மூணாறுதான் செல்ல வேண்டும் என்பதில்லை. கொல்லயிலுக்கு அண்மையிலேயே நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. நெய்யாற்றின்கரை வழியாகப் பாயும் நெய்யாறு, அகத்தியமலைப் பகுதியில் தோன்றி அச்சரணாலயத்தைக் கடந்தே வருகிறது. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைச் சிகரத்துக்கு ஏறுவோரின் எண்ணிக்கையும் முன்பதிவின் வாயிலாக வரையறுக்கப்படுகிறது.

எங்குச் சென்றாலும் விலங்குகளுக்கு உணவு அளிக்காமலும், நெகிழிப் பொருள்களை எறியாமலும், உரத்த குரல் எழுப்பாமலும் இருத்தல் வேண்டும். இராசமலையின் வரையாடுகள் மனிதரைக் கண்டு எளிதில் ஓடுவதில்லை. பாதையின் அருகிலேயே அவை மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றைத் தொடாமலும் துரத்தாமலும் சற்றுத் தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு, அவற்றின் இயல்பான வாழ்க்கையைக் காணும் பேறு கிட்டும்.