பொருள் உற்பத்தியின் சுற்றுச்சூழல் விலை: தாமிரபரணி வடிநிலம்

ஒரு பொருளைச் செய்யவும், பயன்படுத்தவும், கழித்துவிடவும் செலவாகும் நீர், நிலம், தாது, எரிபொருள் ஆகியவையும் அதனால் உண்டாகும் மாசும் சேர்ந்ததே அப்பொருளின் சுற்றுச்சூழல் விலை ஆகும். கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் இதன் சிறு பகுதியே அடங்கும். மீதியை ஆறும் நிலமும், ஆலைக்கு அருகில் வாழும் மக்களும் சுமக்கின்றனர். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பரந்துள்ள தாமிரபரணி வடிநிலம் இதைப் புரிந்துகொள்ள ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

வாழ்நாள் கணக்கு

ஒரு பொருளின் வாழ்வைத் தாது தோண்டுதல், மூலப்பொருள் ஆக்குதல், உற்பத்தி, போக்குவரத்து, பயன்பாடு, கழிவு எனப் பல கட்டங்களாகப் பிரித்து ஆராய்வது வாழ்நாள் மதிப்பீடு எனப்படும். ஒரு டன் எஃகு உற்பத்தியாகும்போது உலகச் சராசரியாக ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. தாமிரத் தாதுவில் உலோகத்தின் அளவு பெரும்பாலும் 1 விழுக்காட்டிற்கும் குறைவு. 0.6 விழுக்காடு தாமிரம் உள்ள தாது என்று கொண்டால், ஒரு டன் தாமிரத்திற்கு 160 டன்னுக்கு மேல் பாறையைத் தோண்டி அரைக்க வேண்டும். ஆகவே ஒரு கார் சாலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடும் முன்பே பெரும் செலவை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறது.

ஆற்று நீர்

தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றி, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இதன் குறுக்கே கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. பாசனமும் குடிநீரும் நெடுங்காலமாக இவ்வாற்றின் முதன்மைப் பயன்கள். பின்னர் தொழிற்சாலைகளும் இதே நீரை நம்பி வந்தன.

கடைசி அணைக்கட்டான திருவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் நீர் வழங்கும் திட்டம் வகுக்கப்பட்டது. இது ஏறத்தாழ 9 கோடி லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவின்படி, இந்த நீர் ஆறரை லட்சம் பேரின் ஒருநாள் தேவைக்குச் சமமாகும்.

கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தில் உள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆற்று நீர் வழங்குவதை எதிர்த்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 2 அன்று வழக்குகள் தள்ளுபடியாகித் தடை நீங்கியது. கடைமடை வயல் காயும் கோடையில் ஆலைக்கு நீர் செல்லலாமா என்ற கேள்வி அதன் பின்னரும் ஓயவில்லை.

தூத்துக்குடித் தாமிர ஆலை

வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை முதலில் மகாராட்டிரத்தின் இரத்தினகிரியில் அமையவிருந்தது. அங்கு எழுந்த எதிர்ப்பால் தூத்துக்குடிக்கு மாறியது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் உற்பத்தித் திறன் கொண்டதாக வளர்ந்த இந்த ஆலை, வெளிநாடுகளிலிருந்து வந்த செறிவூட்டப்பட்ட தாதுவை உருக்கியது.

தாமிரத் தாதுவில் கந்தகம் கலந்திருப்பதால், உருக்கும்போது கந்தக டை ஆக்சைடு வாயு உண்டாகும். அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக மாற்ற வேண்டும். தப்பினால் மூச்சுத் திணறலும் கண் எரிச்சலும் ஏற்படும். உருக்கிய பின் கசடும் பெருமளவில் எஞ்சும். ஆலையால் காற்றும் நிலத்தடி நீரும் மாசுபட்டதாக மக்கள் குற்றம் சாட்டினர்; நிறுவனம் மறுத்தது. 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஆலையை மூட மறுத்தது. ஆனால் சுற்றுச்சூழல் பாதிப்பிற்காக 100 கோடி ரூபாய் செலுத்த ஆணையிட்டது. 2018 மே 22 அன்று போராட்டத்தின் நூறாவது நாளில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இதையொட்டிய நிகழ்வுகளில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று தமிழ்நாடு அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. அதை எதிர்த்த முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது.

ஆலை மூடப்பட்டாலும் தாமிரத்தின் தேவை குறையவில்லை. 2018-19 முதல் இந்தியா, ஏற்றுமதி செய்வதைவிட அதிகமான தாமிரத்தை இறக்குமதி செய்யும் நாடாயிற்று. தூத்துக்குடி மக்கள் ஏற்க மறுத்த புகை வேறொரு நாட்டின் ஊர்மீது படிகிறது. வாங்கும் பழக்கம் மாறாதவரை சுமை இடம் மாறுமே ஒழிய நீங்காது.

மின்சாரக் கார்

2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. இதன் தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 கார்கள். பெட்ரோல் காரில் சுமார் 23 கிலோ தாமிரம் இருக்கும். மின்சாரக் காரில் 80 கிலோ வரை இருக்கலாம். மேற்கண்ட கணக்கின்படி 80 கிலோ தாமிரத்திற்கு 13 டன்னுக்கு மேல் தாது தேவை. மின்கலத்திற்கு லித்தியம் போன்ற தனிமங்களும் வேண்டும்.

இதனால் மின்சாரக் கார் தீயது என்று முடிவு செய்யக் கூடாது. உற்பத்தியில் அதன் மாசு அதிகம், ஓட்டத்தில் குறைவு. ஆண்டுகள் கூடக்கூட, தொடக்கச் சுமை ஈடாகிறது. ஓட்டம் குறைவான காரை அடிக்கடி மாற்றுவோருக்கு இந்த ஈடு எளிதில் கிடைக்காது.

மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

எல்லாப் பொருளுக்கும் ஒரே விடை இல்லை.

கைப்பேசி, துணி, மேசை, நாற்காலி போன்றவற்றின் மாசில் பெரும்பகுதி உற்பத்தியிலேயே உண்டாகிறது. இவற்றை நீண்ட நாள் பயன்படுத்துவதே சிறந்த வழி.

பழைய குளிர்பதனப் பெட்டி, குண்டு பல்பு போன்றவை பயன்பாட்டில் அதிக மின்சாரம் இழுக்கும். இவற்றை மாற்றுவது பல நேரங்களில் நன்மை தரும்.

கார் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஒருவர் விற்ற கார் இன்னொருவரிடம் ஓடினால் அதன் வாழ்நாள் தொடர்கிறது. ஆயினும் தேவையின்றி வாங்கும் ஒவ்வொரு புதிய காரும் மொத்த எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

உலகில் 2022இல் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டானது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே.

பழைய வழக்கங்கள்

பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் தேய்ந்தால் ஈயம் பூசிப் புழங்குவதும், உடைந்ததை எடைக்குப் போட்டுப் புதியது வாங்குவதும் வீடுகளின் வழக்கமாக இருந்தன. அந்த உலோகம் மீண்டும் உருகிப் பாத்திரமாயிற்று. தாதுவிலிருந்து எடுப்பதைவிடப் பழைய தாமிரத்தை உருக்க மிகக் குறைந்த ஆற்றலே போதும். அலுமினியத்தில் இந்தச் சேமிப்பு சுமார் 95 விழுக்காடு. பத்தமடைப் பாய் கோரைப்புல்லால் ஆனது. பல ஆண்டு உழைத்து, கிழிந்த பின் மண்ணோடு மக்கிவிடும். பிளாஸ்டிக் பாய் அவ்வாறு மக்குவதில்லை.

சட்ட ஏற்பாடுகள்

இந்திய அரசு வாகன அழிப்புக் கொள்கையை 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. விற்ற பொருளின் முடிவுக்கும் உற்பத்தியாளரே பொறுப்பு என்பது இவ்விதிகளின் அடிப்படை.

இவ்விதிகள் கழிவைக் கையாள வழி சொல்கின்றன. ஒரு பொருள் எத்தனை ஆண்டு வீட்டில் இருக்கும் என்பதை அவை தீர்மானிப்பதில்லை. அதை வாங்குபவரின் தேவையும், பழுது பார்க்கும் கடையும், உதிரிப்பாகம் கிடைப்பதுமே தீர்மானிக்கின்றன.