உங்களுக்குத் தெரியுமா? மூட்டே தெரியாத வளைவு

● சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் அவரை விதை வடிவில் பளபளக்கிறதே 'கிளவுட் கேட்', அது ஒரே வார்ப்பு அல்ல. 168 எவர்சில்வர் தகடுகளின் கூட்டு! 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரம், சுமார் 100 டன் எடை. வடித்தவர் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர்.

● கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் முழுச் சிற்பத்தையும் சேர்த்துப் பொருத்தி, பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் சிகாகோவுக்குக் கொண்டுவருவதுதான் முதலில் போட்ட திட்டம். ஆபத்து அதிகம் என்று அதைக் கைவிட்டார்கள். தகடுகளை அங்கேயே வளைத்து, லாரியில் அனுப்பி, பூங்காவில் வைத்துப் பொருத்தினார்கள்.

● பெரிய வளைவுக்கு முதல் எதிரி வெயிலும் குளிரும்தான். சிகாகோவில் குளிர்காலம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், கோடையோ கொளுத்தும். உலோகம் விரிந்து சுருங்காமல் இருக்குமா? உள்ளே இருக்கும் எஃகுச் சட்டத்தோடு மேல் தகட்டை இறுக்கிக் கட்டியிருந்தால், அந்தத் தகட்டு ஓடு நெளிந்துபோயிருக்கும். அதனால் நெகிழ்ந்துகொடுக்கும் இணைப்புகளை வைத்தார்கள். சட்டம் ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம் அசையலாம். கண்ணாடிப் பரப்பு வேறு! சின்னப் பள்ளம் விழுந்தாலும் அதில் தெரியும் வானளாவிய கட்டடங்கள் கோணிக்கொள்ளும்.

● நெகிழ்ந்துகொடுக்கும் இணைப்பு என்ற இந்த யோசனை புதிதல்ல. 1886இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் செப்புத் தகடு வெறும் 2.4 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே இரும்புச் சட்டம் அமைத்த பொறியாளர் ஐஃபெல், தகட்டை அதில் நேரடியாக அறையாமல், வளைந்துகொடுக்கும் பட்டைகளின் மேல் தாங்க வைத்தார். சிற்பி பார்த்தோல்டி சிறு மாதிரியைப் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசி அளவுக்கு மர அச்சுகள் செய்து, தகட்டை அவற்றில் வைத்துத் தட்டியே சேலை மடிப்பு போன்ற வளைவுகளை எடுத்தார். பாரிஸில் நிறுத்திப் பார்த்துவிட்டு, 350 துண்டுகளாகக் கழற்றி, 214 பெட்டிகளில் கப்பலேற்றினார்கள்.

● கிளவுட் கேட்டை 2004இல் பூங்கா திறந்தபோதே மக்கள் பார்த்துவிட்டார்கள், வெல்டிங் தழும்புகளோடு! அவற்றைத் தேய்த்து, பாலிஷ் போட்டு முடிக்க 2006 ஆனது. போட்ட மதிப்பீடு 60 லட்சம் டாலர். கடைசியில் ஆன செலவு 2.3 கோடி டாலர். சொந்தமாக வீடு கட்டியவர்கள் இதைக் கேட்டு அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

● தொட்டுப் பார்க்காமல் யாரும் நகர்வதில்லை. அதனால் சிற்பத்தின் கீழ்ப்பகுதியை நாளுக்கு இரண்டு முறை கையால் துடைக்கிறார்கள்.