பிற்பகலில் ஓடும் மோட்டார்

பதினான்கு மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விடுவதா, வீட்டுக்கே ஆயா வைப்பதா, ஊரிலிருந்து அம்மாவை வரவழைப்பதா என்று கோவை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பார்த்துவந்த காப்பகத்தின் நோட்டீஸில் ‘மூளை வளர்ச்சிக்கான அறிவியல் முறை’ என்று போட்டிருந்ததாம். அந்த வரிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு அறிவியல் உருப்படியாக ஏதாவது சொல்கிறதென்றால், அது குழந்தையின் எச்சிலில் இருக்கிறது.

எச்சிலில் அளக்கக்கூடிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியலில் மோட்டார் ஓடித் தொட்டி நிரம்புகிறது. எழுந்து நடமாட உடம்புக்கு அது வேண்டும். பகல் முழுக்க மட்டம் இறங்கி, இரவில் அடியைத் தொடுகிறது. சுவிட்ச் மூளையில், மோட்டார் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில். நிரம்பியதும் நிறுத்த மிதவையும் உண்டு: ஏறிய கார்ட்டிசாலே மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்லிவிடும்.

மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னர் குழுவினர் குழந்தைகளின் எச்சிலைக் காலையிலும் பிற்பகலிலும் எடுத்து அளந்தார்கள். வீட்டில் இருந்த நாளில் பெரும்பாலோருக்கு மட்டம் இறங்கியது. காப்பகத்தில் இருந்த நாளில், கைக்குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கும், ஒன்றரை முதல் மூன்று வயதுக்காரர்களில் பத்தில் ஏழு பேருக்கும் ஏறியது. 2003-ல் வெளியான முடிவு இது. அவர்களுக்கு மோட்டார் பிற்பகலில் மறுபடி ஓடியிருக்கிறது! மற்ற பிள்ளைகளோடு கூடி விளையாடிய குழந்தைகளுக்கு மட்டம் குறைவாகவே இருந்தது. இரண்டு வயதில் ஒரு பொம்மையைப் பங்குபோட்டுக்கொள்வது கடினமான உழைப்பு. அதைப் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளையின் தொட்டியில் தண்ணீர் ஏறத்தான் செய்யும்.

கார்ட்டிசால் ஏறினால் மூளை கருகிவிடும் என்று மிரட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம். பிற்பகல் ஏற்றம், குழந்தை கூடுதலாகச் சமாளிக்கிறது என்பதன் அடையாளம். அது நோயல்ல.

வரலாறு கொஞ்சம். 1951-ல் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, பெற்றோரை இழந்தோ பிரிந்தோ விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியது. மாலையில் அம்மா வந்து தூக்கிக்கொள்ளும் குழந்தைக்கும் அதைப் பொருத்தி, வேலைக்குப் போகும் பெண்களைப் பல காலம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். அநியாயம். 1991 முதல் அமெரிக்காவில் பத்து ஊர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்விலும், பராமரிப்பின் வகையைவிடக் குடும்பத்தின் தாக்கமே பெரிதாக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கன்னர் குழுவின் 2010 ஆய்வு. தங்கள் வீட்டிலேயே சில பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களிடம் விடப்பட்ட மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிலும் பெரும்பாலோருக்கு ஏற்றம் தெரிந்தது. ‘இங்கே உட்காரு, அதைத் தொடாதே’ என்று ஓயாமல் குறுக்கிட்டு அதட்டுபவரிடம் அது இன்னும் அதிகம். சின்னக் குழந்தையின் சுவிட்சில் பாதி, பார்த்துக்கொள்பவரின் கையில் இருக்கிறது. அந்தக் கை அடிக்கடி மாறினால், எந்தக் கை என்று குழந்தைக்கே தெரியாது.

ஆகவே காப்பகமோ ஆயாவோ, வாசகி முதலில் விசாரிக்க வேண்டியவை இவை: ஒரு நாளில் குழந்தை எத்தனை பேர் கைக்குப் போகும்? இங்கே வேலை பார்ப்பவர்கள் எத்தனை மாதம் தங்குகிறார்கள்? பாட்டி வருவதானால், ஓடும் குழந்தைக்குப் பின்னால் முட்டி வலியோடு ஓட அவருக்கு விருப்பமா என்றும் கேட்க வேண்டும். வாசகியின் அலுவலகத்தில் 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் இருந்தால், சட்டப்படி காப்பக வசதி தர வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம்.

இன்னொன்று. பெர்லினில் பதினைந்து மாதக் குழந்தைகள் முதன்முதலாகக் காப்பகத்துக்குப் போனபோது ஆய்வாளர் லீசலோட்டே ஆனெர்ட் குழுவினர் கார்ட்டிசாலை அளந்தார்கள். தாய் கூடவே இருந்த தொடக்க நாட்களில், அவரோடு உறுதியான பிணைப்புள்ள குழந்தைகளுக்குக் கார்ட்டிசால் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. தாய் விட்டுச் சென்றதும் இரு தரப்புக்குமே ஏறியது. அதனால் முதல் சில நாட்கள் அறைக்குள் கூடவே உட்கார அனுமதி கேளுங்கள். வாசலோடு நிறுத்தும் இடமானால் அடுத்த காப்பகத்தைப் பாருங்கள்.