மாற்று இருதயமும் பூஞ்சணமும்

கார்த்திகை அடைமழை சற்று ஓய்ந்ததும், நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் உள்ள இல்லத்தரசியர் ஒடியல் வைத்த பெட்டியைத் திறந்து பார்ப்பர். ஈரம் புகுந்திருப்பின் வெண்மையும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். பழுதானதைக் கழித்து, எஞ்சியதை வெயிலில் உலர்த்துவர். அப்பூஞ்சணத்தின் வித்திகள் காற்றிற் கலந்து எல்லோருடைய மூச்சிலும் உட்செல்கின்றன. நலமுடையோரை அவை பெரும்பாலும் வருத்துவதில்லை. ஆனால், மாற்று இருதயம் பெற்றவருக்கு அவையே உயிராபத்தாகலாம். இதன் காரணம் யாது?

உடலானது அயற்பொருள் எதனையும் பகையெனக் கருதும். நோய்க்கிருமியை எதிர்க்கும் அதே காவற்படை, பிறரிடமிருந்து பெற்ற இருதயத்தையும் எதிர்க்கும். ஆகவே அக்காவலை மருந்தினால் தணித்தல் அவசியமாகிறது. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி, கேப்டவுன் நகரில் வைத்தியர் கிறிஸ்டியன் பர்னாட் முதன்முதலாக ஒரு மனிதரின் இருதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். புதிய இருதயம் நன்கு இயங்கியும், நோயாளர் 18 நாட்களில் நிமோனியாவினால் இறந்தார்.

பின்னர், நோர்வே நாட்டு மண்ணிற் கண்ட ஒரு பூஞ்சணத்திலிருந்து சைக்குளோஸ்போரின் என்னும் மருந்து பெறப்பட்டது. 1983இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தபின் இச்சிகிச்சை புத்துயிர் பெற்றது. 1994இல் டில்லியில் வைத்தியர் வேணுகோபால் குழுவினரும், 2017இல் கண்டி வைத்தியசாலையினரும் இதனைச் செய்தனர். பூஞ்சணம் ஈந்த மருந்து இருதயத்தைக் காத்தது. அது தணித்த காவலினூடே வேறு பூஞ்சணங்கள் நுழைய வழியும் பிறந்தது.

அவற்றுள் இரண்டு முக்கியமானவை. கண்டிடா என்பது வாயிலும் குடலிலும் இயல்பாகவே வாழ்வது. சத்திரசிகிச்சையை அடுத்த நாட்களில், நரம்பிற் செருகிய குழாய்கள் வழியே இது இரத்தத்தை அடையக்கூடும். அஸ்பர்ஜில்லஸ் என்பது காற்றின் வழியே சுவாசப்பையிற் குடிகொண்டு, சிலவேளை மூளைவரை பரவும். மருந்தின் அளவு மிகுந்திருக்கும் முதற் சில மாதங்களே பெரிதும் அஞ்சத்தக்கவை.

காய்ச்சல், வறட்டிருமல், நெஞ்சு நோவு, சளியில் இரத்தம் ஆகியன இதன் அறிகுறிகள். உட்கொள்ளும் மருந்துகள் காய்ச்சலை மறைக்கக்கூடுமாதலால், இலேசான சூட்டையும் அலட்சியம் செய்தலாகாது. வொரிக்கோனசோல் போன்ற நல்ல மருந்துகள் இன்று உள. எனினும், அது காவலைத் தணிக்கும் மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். எனவே ஒன்றைக் கொடுக்கும்போது மற்றதைக் குறைத்து, இரத்தத்தைச் சோதித்து வருவர். தாமாகக் குளிசை வாங்கி விழுங்குதல் பெருந்தீங்காகும்.

தீவகத்து இல்லங்களில் இத்தகையோர் வைக்கோற்போரைப் பிரித்தல், மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுதல், எருக்குவியலைக் கிளறுதல், பழைய சுவரை இடித்தல் ஆகியவற்றினின்றும் விலகியிருத்தல் வேண்டும். பூஞ்சணம் பற்றிய ஒடியலையும் தானியத்தையும் பிறரே அப்புறப்படுத்துதல் நன்று.

இன்னுமொன்று. நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து குறிகட்டுவானை அடைந்து, பின்னரே யாழ்ப்பாணம் செல்லவேண்டும். கடல் கொந்தளிக்கும் காலத்தில் அப்பயணமும் தடைப்படும். ஆகையால், நாளை பார்க்கலாம் என்று எண்ணாது, காய்ச்சல் கண்ட அன்றே புறப்படுதல் வேண்டும். ஒரு குடும்பம் தன் துயரத்தினிடையே ஈந்த இருதயம் அது. அதனைப் பேணுவது வைத்தியர் கடமை மட்டுமன்று, வீட்டார் கடமையுமாகும்.