வாட்ஸ்அப்பைக் காக்கும் 77 இலக்க எண்

கல்முனையிலிருந்து கட்டாருக்கு நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை இடையில் யாரும் வாசிக்க முடியுமா? யுத்த காலத்தில் தொலைபேசியில் பேசவே பயந்த எங்களுக்கு இது சின்னக் கேள்வியல்ல.

அச்செய்தியைப் பூட்டும் கணக்கின் அடியில் ஒரு முதன்மை எண் இருக்கிறது. 255 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, 19ஐக் கழித்தால் அது கிடைக்கும். டானியல் பேர்ன்ஸ்டைன் 2005இல் முன்வைத்த முறை அது.

ஏன் முதன்மை எண்? இக்கணக்கில் ஒவ்வொரு விடையையும் அவ்வெண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்வார்கள். 7ஐ எடுப்போம்: 3ஐ 5ஆல் பெருக்க 15, மீதி 1. ஆகவே 3ஆல் பெருக்கியதை 5ஆல் பெருக்கி மீட்கலாம். 12இல் 4ஐ எதனால் பெருக்கினாலும் மீதி 1 வராது. முதன்மை எண்ணிலோ பூச்சியம் தவிர்ந்த எல்லாவற்றுக்கும் இப்படியொரு துணை உண்டு. கழிப்பது வெறும் 19 என்பதால் மீதி காண்பதும் விரைவு. மலிவான கைத்தொலைபேசிக்கும் சுமையில்லை.

இந்த எண்களால் அமைந்த புள்ளிகளில் இரகசிய எண்ணளவு தடவை தாவிச் செல்வது எளிது. போய்ச் சேர்ந்த புள்ளியை மட்டும் பார்த்து எத்தனை தாவல் என்று கண்டுபிடிக்க இன்றைய கணினிகளால் நடைமுறையில் முடியாது. அதுதான் பூட்டு.

ஆனால் அது வழிக்கு மட்டுமே காவல். யாருடன், எப்போது பேசினோம் என்ற விபரத்தை அது மறைக்காது. திறந்த கைத்தொலைபேசி இன்னொருவர் கைக்குப் போனால், 77 இலக்கமும் உதவாது. திரைக்கு ஒரு கடவுச்சொல் போடுங்கள். பழைய செய்திகளை அழியுங்கள்.