மாணவியின் பிழையும் ஆசிரியரின் எல்லையும்

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து உள்துறைமுகத்தை நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். வெளிக்கடலிலிருந்து வரும் மாலுமிக்குத் துறைமுக வாயில் ஒடுங்கியதாகவே தோன்றும். அதனைக் கடந்து உட்புகுந்த பின்னரே பெருங்கப்பல்கள் பல ஒருங்கே தங்கத்தக்க நீர்ப்பரப்பு விரியும். புறத்தோற்றத்தைக் கொண்டு அகத்தின் பரப்பை அளத்தல் பிழையாதலை இயற்கையே இங்குக் காட்டி நிற்கின்றது. இக்கருத்தையே உயிராகக் கொண்ட தொலைக்காட்சிக் கதையொன்று உண்டு. அஃது இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ என்னும் அறிவியற் புனைகதைத் தொடரின் முதற்பகுதியாகும்.

அம்முதற்பகுதி 1963 நவம்பர் 23 ஆந் திகதி, சனிக்கிழமை மாலையில் ஒளிபரப்பாயிற்று. அதற்கு முதல்நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி கொலையுண்டமையால் மக்கள் மனம் அச்செய்தியிலேயே ஆழ்ந்திருந்தது. ஆதலின், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னர் முதற்பகுதி மீண்டும் காட்டப்பட்டது. இதனை நெறிப்படுத்தியவர் வாரிஸ் ஹுசெய்ன். இந்தியாவின் இலக்னோ நகரிற் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது 24. தயாரிப்பாளரான வெரிற்றி லாம்பேட் அம்மையாருக்கு வயது 27. இலங்கையில் தொலைக்காட்சி 1979 இலேயே தோன்றியமையால், அக்காலத்து நம்மவர் இதனைக் காணும் வாய்ப்பைப் பெற்றிலர். எனினும், கல்வித்துறை சார்ந்தோர் இன்று ஒளிப்பதிவில் மீண்டும் கண்டு சிந்தித்தற்குரியது இப்பகுதி.

கதை வானவெளியிலன்றி ஒரு பாடசாலையிலேயே தொடங்குகின்றது. வரலாற்றாசிரியை பார்பராவும் விஞ்ஞான ஆசிரியர் இயனும் சூசன் என்னும் மாணவியைப் பற்றி உரையாடுகின்றனர். அவள் சிலவற்றில் ஆசிரியரையும் விஞ்சிய அறிவினள். வேறு சிலவற்றிற் சிறு குழந்தையும் அறிந்ததை அறியாதவள். பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நூலைப் புரட்டி, அதிற் கூறியது சரியன்று என்கின்றாள். கணக்கைத் தீர்க்க நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் போதா. காலமும் வேண்டும் என வாதாடுகின்றாள். நாணய முறை பற்றிய வினாவில், இங்கிலாந்திற் பதின்ம முறை வழங்குவதாக எண்ணித் தடுமாறுகின்றாள், வகுப்பே நகைக்கின்றது.

அந்நகைப்பு ஆராயத்தக்கது. இங்கிலாந்து பதின்ம நாணயத்தை மேற்கொண்டது 1971 பெப்ரவரி 15 ஆந் திகதியிலாகும். ஆகவே சூசன் கூறியது பொய்யன்று, காலத்தால் முந்தியது. இலங்கையிலோ 1872 ஆம் ஆண்டு தொட்டே நூறு சதம் ஓர் உரூபாவாக வழங்கியது. அவ்வகுப்பில் நம் நாட்டுச் சிறுவன் ஒருவன் இருந்திருப்பின், அவனுக்கு அதில் நகைத்தற்கு யாதுளது? ஓரிடத்து அறியாமையெனப்படுவது பிறிதோரிடத்து நாள்வழக்காதல் கூடும்.

ஆசிரியர் இருவரும் மாணவியைத் தண்டித்து அமையாது, காரணம் அறிய அவளைப் பின்தொடர்கின்றனர். இஃது அவர்தம் சிறப்பு. அவள் வீட்டு முகவரியிற் காணப்படுவது பழம்பொருட் கிடங்கொன்றே. அங்கு நிற்கும் காவற்றுறைப் பெட்டியினுள் அவர்கள் புகுகின்றனர். ஓரிருவர் நிற்கவே இடமுள்ளதாகத் தோன்றிய பெட்டியினுள்ளே ஒளிமிக்க பெருங்கூடமொன்று விரிகின்றது. அது காலத்தையும் வெளியையும் கடக்கும் ஊர்தி என்கின்றார் சூசனின் பாட்டனார். இயனோ கண்ணெதிரே கண்டும் அதனை மாயமென்றே மறுக்கின்றார். முதியவரோ அறிவுச் செருக்கால் அவரை எள்ளி நகையாடுகின்றார். ஈற்றில் இருவரையும் அவர்தம் விருப்பமின்றியே கொண்டு செல்கின்றார். கற்றது போதும் என்னும் மனமும், கல்லாதாரை இகழும் மனமும் எதிரெதிரே நின்று மோதுகின்றன. தீங்கு இரண்டாலும் விளைகின்றது.

இங்குப் பாகவதத்து ககுத்மி மன்னன் கதை ஒப்புநோக்கத்தக்கது. மகள் இரேவதிக்கேற்ற மணமகனை வினவப் பிரமலோகஞ் சென்ற அவன் அங்குச் சிறிதுபொழுதே காத்திருந்தான். அதற்குள் மண்ணுலகில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்தன. தான் எண்ணிவந்த மணமக்கள் எவரும் இன்றில்லை என்பதை அறிந்த மன்னன் வாதிட்டிலன். புதிய உண்மையை ஏற்று, மகளைப் பலராமருக்கு மணமுடித்தான். இயனிடத்து இல்லாத பண்பு இதுவே.

இப்பகுதியை ஆக்கியோரும் தம் பிழையைத் திருத்த நாணிற்றிலர். 1963 செப்டெம்பரிற் பதிவாகிய முதல் வடிவத்தை நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன் ஏற்றிலர். அதனை ஒக்டோபரில் முழுதும் மீளப் பதிந்தனர். முதியவரின் கடுமை தணிக்கப்பட்டது. சூசன் நாற்பத்தொன்பதாம் நூற்றாண்டினள் என்னும் செய்தியும் நீக்கப்பட்டது. வேறொரு காலம், வேறோர் உலகம் என்ற அளவில் அவள் தோற்றம் மறைபொருளாய் நின்றது.

மாணாக்கன் கூறும் விடை நூலோடு முரணும்போது, அது பிழையாதலும் உண்டு. ஆசிரியர் இன்னும் புகாத கூடத்தின் வாயிலாதலும் உண்டு. இவ்விரண்டனுள் எஃது என்பதை நகைப்பு ஒருபோதும் காட்டாது; உட்புகுந்து காணும் துணிவே காட்டும்.