மாயக்கதையும் திரைவடிவமும்

சிறுவர்க்கான மாயக்கதையைத் திரைக்குக் கொணர்வோர் பெரும்பாலும் செலவுமிக்க காட்சி வித்தைகளையே நாடுகின்றனர். உபேந்திரகிஷோர் ராய்சவுத்ரி 1915இல் வெளியிட்ட வங்கக் கதையை, அவர் பேரன் சத்யஜித் ரே 1969இல் 'குபி காயின் பாகா பாயின்' எனப் படமாக்கியபோது மேற்கொண்ட வழி வேறு. மன்னர், உழவர், வெள்ளையர், தொந்தி பெருத்தோர் என நால்வகைப் பேய்கள் ஆடும் கூத்துக்கு மிருதங்கம், கடம், கஞ்சிரா, முகர்சிங் ஆகிய நம் தாளக் கருவிகளே அவருக்குப் போதுமாயின. இறுதியில் வானிலிருந்து இனிப்புகள் பொழிய, பட்டினி கிடந்த படைவீரர் போரை மறந்து அவற்றை நோக்கி ஓடுகின்றனர். மாயம் இங்குப் பசியின் உண்மையை உணர்த்துகின்றது.

எமது கரையோரக் கதைகளுக்கும் இது பொருந்தும். புத்தளக் கரையில் குதிரைமலையோடும் முத்துவளத்தோடும் இணைத்துப் பேசப்படும் அல்லியரசாணி கதையை நாம் படமாக்க நேரின், அரசியின் முத்துமாலையோடு, அம்முத்துக்காகக் கடலில் மூழ்கியோரையும் காட்டுதல் வேண்டும்.